கழுத்துக்கு ரிப் வைக்கச் சொன்ன கதை

வாத்தியார் வேலைக்கு வாய்தான் மூலதனம் என்று நினைப்பவர்கள் அந்த வேலையைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். வகுப்பில் ஒரு மணி நேரம் தொண்டை வறளக் கத்தியதில் ஒரு வரிகூட யாருக்கும் நினைவிருக்காது. நடுவில் ஒரு தடவை மூக்கைச் சொறிந்திருந்தால், அது மட்டும் அந்தப் பையன்களின் பேரன் பேத்திகள் வரை போய்ச் சேரும். மாணவர்கள் பாடத்தைக் கேட்பதில்லை, வாத்தியாரைப் பார்க்கிறார்கள். அவர் புருவம், அவர் கை, அவர் தலை ஆடுகிற விதம் எல்லாவற்றையும் பார்த்து, அவர்களாகவே ஒரு பாடத்தைப் படித்துக்கொள்கிறார்கள். இந்த உண்மையை நான் எந்தப் பயிற்சி முகாமிலும் கற்கவில்லை. எங்கள் கல்லூரித் தாளாளரின் ஏசி அறையில், ஒரு வெளிநாட்டு டீன் அம்மா என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றபோது கற்றுக்கொண்டேன்.

திருப்பூருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் ஆயத்த ஆடைத் துறையில் விரிவுரையாளராக அப்போது நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலை நிரந்தரம் ஆகவில்லை. சுபாவத்திலேயே நான் பயந்தாங்கொள்ளி. பின்னால் யாராவது சிரித்தால் பேன்ட் கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். போன் மணி அடித்தால் கெட்ட செய்தி என்று முடிவு கட்டிவிட்டுத்தான் எடுப்பேன். (பெரும்பாலும் கடன் வேண்டுமா என்று கேட்கிற கம்பெனிப் பெண்ணாக இருக்கும். அவளிடமும் பயந்து பயந்துதான் பேசுவேன்.)

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் என் கைக்குப் பயமே கிடையாது. நான் வளர்ந்தது டேபிளில். பனியன் தைக்கிற கூடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அப்பா, அம்மா இருவரும் டெய்லர்கள். பள்ளிக்கூட லீவு விட்டால் நானும் அங்கேதான் துணி மடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன். வரிசையாக ஓவர்லாக் மெஷின்கள் இரைகிற இடத்தில், அதற்கு மேல் ஸ்பீக்கரில் பாட்டும் அலறுகிற இடத்தில், வாயால் பேசுகிறவன் முட்டாள். எல்லாம் கைதான். டீ வந்துவிட்டது, நூல் தீர்ந்துவிட்டது, முதலாளி வருகிறார், அடுத்து எதைத் தைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் ஒரு ஜாடை உண்டு. எனக்கு இங்கிலீஷ் வந்தது கல்லூரியில், தமிழ் வந்தது வீட்டில், ஜாடை வந்தது அதற்கும் முன்னால் என்று அம்மா சொல்வாள்.

ஒருநாள் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். பெரிய ஏற்றுமதியாளர், தங்கமான மனிதர்.

"ஏனுங் தம்பி, எத்தியோப்பியாவுல இருந்து கொஞ்சம் பேரு வாறாங்க. அல்லாருமே அங்க யுனிவர்சிட்டியில வாத்தியாருங்க. நம்ம காலேஜ்ல மூணு மாசம் டீசர்ட் தைக்கறது படிச்சுட்டு, அங்க போய்ச் சொல்லிக் குடுக்கப் போறாங்களாமா. இங்க டேபிள்ல வேல பாத்துட்டு வந்த வாத்தியாரு நீங்க ஒருத்தர்தான். நீங்களே பாத்துக்கோங்க. நல்லபடியா முடிச்சுக் குடுத்தீங்கன்னா, உங்களப் பர்மனென்ட் பண்ணிப்போடலாமுங்."

அந்த வார்த்தைக்காகத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு ஜாதகம் அப்போதுதான் பொருந்தி வந்திருந்தது. பெண்ணின் பெயர் நித்யா. அவர்கள் வீட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: பையனுக்கு வேலை நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் பெண் பார்க்க வரலாம். அம்மா அந்தப் புகைப்படத்தைச் சாமி அலமாரியில் வைத்திருந்தாள். எனக்குத் திடீரென்று பக்தி அதிகமாகிவிட்டது. காலையும் மாலையும் அலமாரி முன்னால் போய் நிற்பேன்.

"கண்ணு, நல்ல எடம். புள்ளையும் மூக்கும் முழியுமா இருக்குது. நீ மட்டும் எதையும் சொதப்பிப்போடாத" என்றாள் அம்மா. சொதப்புவேன் என்பதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

முதல் நாள் வகுப்பு. (பேச்செல்லாம் இங்கிலீஷில் நடந்தது. அந்த இங்கிலீஷை அப்படியே எழுதினால் என் மானம் போகும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.) எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். முதல் வரிசையில் தெஸ்ஃபாயே என்று ஒருவர், ஆறடிக்கு மேல் உயரம், கத்தரித்த தாடி, கம்பீரமான தோரணை. அவர்தான் எனக்கு வாத்தியார் போல இருந்தார். நான் பயந்துகொண்டே ஆரம்பித்தேன்.

"டீசர்ட்டுக்கு உடம்பு, கை, கழுத்து எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்டிக்கொள்வோம். புரிகிறதா?"

தெஸ்ஃபாயே கண்களை லேசாக விரித்து, "ஹ்!" என்று மூச்சை உள்ளே இழுத்தார்.

நான் சட்டென்று திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தேன். பல்லி எதுவும் இல்லை. மறுபடி திரும்பி, "பிறகு முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் தோளில் இணைப்போம். சரியா?" என்றேன். இந்தத் தடவை அவர் பக்கத்தில் இருந்த பெண்மணியும் "ஹ்!" என்றார். பின்வரிசையில் இன்னும் ரெண்டு "ஹ்!". நான் மெதுவாக மேஜைக்குப் பின்னால் நகர்ந்து, குனிவதுபோலப் பாவனை செய்து, பேன்ட் ஜிப்பைப் பார்த்தேன். ஜிப் சரியாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

நம் ஊரில் ஒருவர் அப்படி மூச்சை இழுத்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்க வேண்டும், இல்லை யாராவது செத்துப்போன சேதி வந்திருக்க வேண்டும். இங்கே நான் துணியின் எடையைப் பற்றிச் சொன்னாலும் "ஹ்!", ஊசி நம்பரைச் சொன்னாலும் "ஹ்!". அன்று முழுக்க ஒரு துக்க வீட்டுக்குப் பாடம் நடத்திவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. முதலில் சட்டையில் குறை என்று நினைத்து, கட்டம் போட்ட சட்டைகளை ஒதுக்கினேன். பிறகு வாடையாக இருக்குமோ என்று சோப்பை மாற்றினேன், பூண்டை நிறுத்தினேன், வகுப்புக்கு முன்னால் ஏலக்காய் மென்றேன். பிறகு இங்கிலீஷாக இருக்குமோ என்று சந்தேகம். நான் சாதாரணமாக நினைத்துச் சொல்கிற ஏதோ ஒரு வார்த்தை அவர்கள் பாஷையில் கெட்ட வார்த்தையாக இருந்து தொலைத்தால்? "புரிகிறதா" என்று கேட்பதை விட்டுவிட்டு "ஓகேவா" என்று கேட்டுப் பார்த்தேன். அதற்கும் "ஹ்!" தான்.

ஒருநாள் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று பாடம் நடத்திப் பழகிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து நின்றாள்.

"ஏங்கண்ணு, கண்ணாடிகூட என்ன சண்ட?"

"அம்மா, நெசத்தச் சொல்லு. என்ற மூஞ்சியப் பாத்தா பயமா இருக்குதா?"

அம்மா ஒரு நிமிஷம் என்னை நிதானமாகப் பார்த்தாள். "எனக்குப் பழகிப்போச்சு கண்ணு" என்றாள்.

இது போதாதென்று தையல் வகுப்பில் வேறொரு குழப்பம். தெஸ்ஃபாயே தோள் இணைப்பைத் தைத்துக்கொண்டு வந்து காட்டினார். நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. "சரியா இருக்கிறதா சார்?" என்றார். நான் சந்தோஷமாகத் தலையை ஆட்டினேன். நம் தலையாட்டல் உங்களுக்குத் தெரியாததா? மேலும் கீழும் இல்லாமல், முகத்தைத் திருப்பவும் செய்யாமல், இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாகத் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுவோமே, அது. அவர் முகம் சுருங்கிவிட்டது. துணியை எடுத்துக்கொண்டு போனார், உட்கார்ந்தார், தைத்ததை எல்லாம் பிரித்துவிட்டார்.

மறுபடி தைத்துக்கொண்டு வந்தார். இன்னும் நன்றாக இருந்தது. இன்னும் வேகமாக ஆட்டினேன். மறுபடி பிரித்தார்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சரியாக இருப்பதையே பிரித்துப் பிரித்துத் தைக்கிற இந்த மாதிரி சிரத்தையான மனிதர்களை நான் பார்த்ததே இல்லை. அவர் மட்டுமில்லை, வகுப்பே அப்படித்தான் இருந்தது. யார் நன்றாகத் தைத்துக் கொண்டுவருகிறாரோ அவருக்கு அதிகமாகத் தலையாட்டுவேன், அவர் அதிகமாகப் பிரிப்பார். கோணல் மாணலாகத் தைத்துக்கொண்டு வந்த ஒருவரை மட்டும் எதுவும் சொல்ல மனமில்லாமல் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருவர்தான் சிரித்த முகமாகத் திரும்பிப் போனார். "ரொம்பத் தீவிரமான ஆளுங்கங்கய்யா" என்று தாளாளரிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன்.

பயிற்சி முடியப்போகிற சமயத்தில் அவர்கள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு டீன் அம்மா பார்வையிட வந்தார். அல்மாஸ் என்று பெயர். அவருக்குத் திருப்தி என்றால் வருஷா வருஷம் ஆட்களை அனுப்புவார்கள், இல்லையென்றால் இதோடு சரி. தாளாளர் காலையிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க எப்பப் பாத்தாலும் வவுத்து வலிக்காரனாட்ட நிக்கறீங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு சிரிச்ச மூஞ்சியா இருங்க. அந்தம்மா கண்ணாடிக்கு அக்கட்ட நின்னு பாப்பாங்க."

எங்கள் மெஷின் ஹாலின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். வருகிற விருந்தாளிகள் நடைபாதையில் நின்று உள்ளே நடப்பதைப் பார்க்கலாம், சத்தம் மட்டும் கேட்காது. அன்று ஒவ்வொருவரும் ஒரு முழு டீசர்ட்டைத் தைத்துக் காட்ட வேண்டும். எல்லா மெஷினும் ஒன்றாக ஓடின. நான் காலையில் போட்ட சிரிப்பை இறக்காமல் வைத்திருந்தேன். கன்னம் வலித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீன் அம்மாவும் தாளாளரும் வந்து நின்றார்கள்.

ஹாலின் அந்தக் கோடியில் தெஸ்ஃபாயே தைக்காமல் உட்கார்ந்திருந்தார். கையில் வெட்டின துணிகள். முகத்தில் வியர்வை. தைத்ததை எல்லாம் பிரித்துப் பிரித்து, எது முதலில் எது அடுத்தது என்பதே அவருக்குச் சந்தேகமாகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார். 'அடுத்து என்ன?' என்கிறார். நானோ இந்தக் கோடியில், ஒரு பெண்மணியின் மெஷினில் சிக்கிக்கொண்ட நூலை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தேன். விட்டால் துணி கிழியும். கத்தினால் கேட்காது. கண்ணாடிக்கு வெளியே என் நிரந்தர வேலை நின்றுகொண்டிருக்கிறது.

அப்போது என் வலது கை என்னைக் கேட்காமலேயே மேலே எழுந்தது. டேபிளில் எத்தனையோ ஆயிரம் தடவை செய்த ஜாடைதான்.

தோளை இணைக்க வேண்டும் என்பதற்கு, கையைக் கத்திபோல் வைத்துத் தோளில் ஒரு வெட்டு வெட்டினேன். கழுத்துக்கு ரிப், அதாவது பட்டித் துணி, வைக்க வேண்டும் என்பதற்கு, இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை ஆள்காட்டி விரலால் கழுத்தில் ஒரு கோடு இழுத்தேன். கை இணைப்பதற்கு, புஜத்தில் ஒரு வெட்டு. பக்கவாட்டுத் தையலுக்கு, அக்குளிலிருந்து இடுப்பு வரை கட்டை விரலால் ஒரு கிழி. கீழ் மடிப்புக்கு, அடிவயிற்றில் குறுக்காக ஒரு இழுப்பு. கடைசியில், முடித்ததும் என்னிடம் கொண்டுவா என்று விரல்களை மடக்கி அழைத்தேன். தாளாளர் சொன்னபடி இவ்வளவையும் சிரித்துக்கொண்டேதான் செய்தேன்.

தெஸ்ஃபாயே எழுந்து நின்றார். மெதுவாகத் தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். 'கழுத்தா?' என்று கேட்கிறார் என்று புரிந்துகொண்டேன். ஆகா, பிடித்துக்கொண்டார்! கழுத்துதான், கழுத்துதான் என்று இன்னொரு தடவை நன்றாக அழுத்தி இழுத்துக் காட்டினேன்.

அவர் துணியைப் போட்டுவிட்டு அந்தப் பக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டார். கண்ணாடியைப் பார்த்தேன். தாளாளர் தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீன் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே தாளாளரின் கையைப் பிடித்து இழுத்தார்.

சற்று நேரத்தில் தாளாளரிடமிருந்து போன் வந்தது. அவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதைதான் ஏறும். 'வாங்க தம்பி' என்றால் எல்லாம் சுகம். அன்றைக்கு அவர் சொன்னது இது: "சார், நம்ம ரூமுக்கு ஒருக்கா வந்துட்டுப் போறீங்களாங்க சார்?"

இரண்டு 'சார்'.

அவர் அறைக்குப் போகிற வராந்தா அன்றைக்கு ரொம்ப நீளமாக இருந்தது. என்ன தப்பு செய்தேன் என்று தெரிந்திருந்தால்கூடக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். என் மகன் காலேஜ் வாத்தியார் என்று அப்பா டேபிள் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். உடுமலைப் புகைப்படத்தை இனி அம்மா திருப்பிக் கொடுத்துவிடுவாள். சாமி அலமாரியில் மறுபடி சாமி மட்டும்தான் இருக்கும். அதை நினைத்தபோது உண்மையாகவே அழுகை வந்தது.

உள்ளே டீன் அம்மா நின்றுகொண்டிருந்தார். தெஸ்ஃபாயே நாற்காலியில் தண்ணீர்த் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு சின்னதாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இவர் எங்கள் பல்கலைக்கழகத்தில் மூத்த விரிவுரையாளர்" என்றார் டீன் அம்மா. குரல் நடுங்கியது. "இவருடைய தோளை வெட்டி, கழுத்தை அறுத்து, கையைத் துண்டித்து, வயிற்றைக் கிழிப்பதாக நீங்கள் காட்டியதை நானே பார்த்தேன். அதுவும் சிரித்துக்கொண்டே! பிறகு பக்கத்தில் வேறு கூப்பிட்டீர்கள்!"

நான் வாயைத் திறந்தேன். இங்கிலீஷ் மொத்தமாக ஓடிப்போயிருந்தது. "நோ மேடம்... நெக்... நெக் ரிப்..." என்றேன். சொல்லும்போதே பாழாய்ப்போன விரல் மறுபடி கழுத்துக்குப் போய்விட்டது. டீன் அம்மா ஓரடி பின்னால் போனார்.

"என்னுங் சார் இதெல்லாம்?" என்றார் தாளாளர்.

"ஐயா, டேபிள் ஜாடைங்கய்யா! ஷோல்டர், நெக் ரிப்பு, ஸ்லீவு, சைடு, பாட்டம்!" என்று தமிழில் கதறிக்கொண்டே முழுவதையும் இன்னொரு தடவை செய்து காட்டினேன். வேறு வழி தெரியவில்லை.

தாளாளரின் முகம் மலர்ந்தது. அவரும் இளவயதில் டேபிளில் உட்கார்ந்து தைத்தவர்தான். "அட, நெக் ரிப்புங்களா! அதச் சொல்லுங்க மொதல்ல!" என்று சிரித்தவர், டீன் அம்மா பக்கம் திரும்பி, "மேடம், நோ பிராப்ளம்! திஸ் இஸ் நெக்!" என்று தன் கழுத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். "திஸ் இஸ் ஸ்லீவ்!" என்று புஜத்தை வெட்டினார். நானும் ஒத்தாசைக்கு வயிற்றைக் கிழித்தேன். ஒரு கொலைகாரனைப் பற்றிப் புகார் சொல்ல வந்த இடத்தில் அவனுடைய முதலாளியும் அதே வேலையைச் சிரித்துக்கொண்டு செய்தால் யாருக்குத்தான் பயம் வராது? டீன் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்தார்.

நல்லவேளையாக அறை மூலையில் மாதிரிக்கு டீசர்ட் மாட்டிய பொம்மை ஒன்று நின்றது. நான் ஓடிப்போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பொம்மையின் கழுத்து ரிப்பின் மேல் விரலை ஓட்டினேன். அதே விரலால் என் கழுத்தில் ஓட்டினேன். கைத் தையலைத் தொட்டேன், என் புஜத்தை வெட்டினேன். பக்கத் தையல், கீழ் மடிப்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். மெஷின் சத்தத்தில் எங்கள் ஊரில் இப்படித்தான் பேசிக்கொள்வோம் என்று ஒருவழியாக இங்கிலீஷும் திரும்பி வந்தது.

தெஸ்ஃபாயே எழுந்து வந்து பொம்மையின் கழுத்தைத் தடவினார். தன் கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தார். "நெக் ரிப்?" என்றார்.

"நெக் ரிப்!" என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"உங்களுக்கும் புரிகிறதா மேடம்?" என்று டீன் அம்மாவிடம் கேட்டேன்.

அவர் கண்களை விரித்து, "ஹ்!" என்று மூச்சை இழுத்தார்.

போச்சு, மயக்கம் போடப்போகிறார் என்று நான் தண்ணீர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தேன். "உட்காருங்கள் மேடம், உட்காருங்கள்!"

"எதற்கு சார் தண்ணீர்?" என்றார் தெஸ்ஃபாயே. "அவர்தான் 'ஆமாம்' என்கிறாரே."

"எப்போது சொன்னார்?"

"இப்போதுதான். ஹ்! எங்கள் ஊரில் இது 'ஆமாம்'."

ஜாடியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சோப்பு, பூண்டு, ஏலக்காய், கட்டம் போட்ட சட்டை, தூங்காத ராத்திரிகள் எல்லாம் வரிசையாக வந்துபோயின. இத்தனை நாளும் அவர்கள் என்னிடம் ஆமாம் சார், ஆமாம் சார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நிம்மதியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்படியானால் நானும் ஒன்று கேட்கலாமா?" என்றார் தெஸ்ஃபாயே. "நான் தைத்த எதுவுமே உங்களுக்கு ஏன் பிடிக்கவில்லை? ஒவ்வொரு தடவையும் இல்லை, இல்லை என்றே சொன்னீர்களே."

"நான் எங்கே சொன்னேன்?"

அவர் என்னைப் போலவே இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாகத் தலையை ஆட்டிக் காட்டினார். "ஒரே தோளைத் திரும்பத் திரும்பப் பிரித்தேன் சார். பதினைந்து வருஷமாக வாத்தியார் வேலை பார்க்கிறேன். இந்த வயதில் எனக்குப் படிப்பு ஏறவில்லையே என்று ஹாஸ்டலில் உட்கார்ந்து அழுதேன்."

அதைக் கேட்டதும் என் நிம்மதி போய்விட்டது. வகுப்பிலேயே நன்றாகத் தைத்தவர் அவர்தான். நன்றாகத் தைத்ததற்காகவே அவருக்கு அதிகமாக இல்லை சொல்லியிருக்கிறேன். என்னைப் பார்த்து அவர்கள் பயப்படுகிறார்களோ என்று நான் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், என்னைப் பார்த்து அவர் நிஜமாகவே பயந்துகொண்டிருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாமே சரியாகத்தான் தைத்தீர்கள்" என்றேன். தலையை ஆட்டாமல், கஷ்டப்பட்டு, வாயால் மட்டும் சொன்னேன்.

டீன் அம்மா சிரித்தபடியே கிளம்பினார். அடுத்த வருஷமும் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். தாளாளர் என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார்: "தம்பி, உங்களப் பர்மனென்ட் பண்ணிப்போடறனுங். ஒண்ணே ஒண்ணு. இனி வெளியாளுங்க வந்தா, கையப் பின்னால கட்டிக்கோங்க."

தம்பி என்றார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மிச்சமிருந்த நாட்களில் வகுப்பு கலகலப்பாக நடந்தது. அவர்களுக்காக நான் தலையாட்டலை விட்டுவிட்டு "ஹ்!" என்று மூச்சிழுக்கப் பழகினேன். அவர்கள் எனக்காகத் தலையாட்டப் பழகினார்கள். அவர்கள் ஊருக்குப் போன பிறகும் அந்த மூச்சு என்னை விட்டுப் போகவில்லை. இது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

உடுமலைக்குப் பெண் பார்க்கப் போனோம். தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. நித்யா காப்பித் தட்டோடு வந்து, கொடுத்துவிட்டு, கதவோரம் நின்றாள். புகைப்படத்தைவிட நன்றாக இருந்தாள். அவளுடைய அம்மாவைப் பெற்ற அப்புச்சி, வெள்ளை மீசையைத் தடவிக்கொண்டு, அந்த வீட்டுக்கே முக்கியமான கேள்வியைக் கேட்டார்.

"ஏனுங் மாப்ள, வேல நிரந்தரம் ஆயிப்போச்சுங்களா?"

நான் அவரை நேராகப் பார்த்து, கண்களை விரித்து, "ஹ்!" என்றேன்.

வேலை என்றதும் மாப்பிள்ளைக்கு இப்படி அதிர்ச்சியா என்று எல்லார் முகமும் மாறியது. அப்புச்சி என் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். தப்பு புரிந்து நான் அவசரமாகத் திருத்தப் பார்த்தேன். பதற்றத்தில் திரும்பவும் "ஹ்! ஹ்!" என்றுதான் வந்தது.

"மாப்ளைக்கு வீசிங்குங்களா?" என்று நித்யாவின் அம்மா தண்ணீரோடு ஓடி வந்தார். யாரோ ஃபேனை என் பக்கம் திருப்பினார்கள். என் அம்மா என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, "சளிதானுங்க, ரெண்டு நாள்ல சரியாப் போயிருமுங்க" என்று இன்னும் குழியைத் தோண்டினாள். கடைசியில் அப்பாதான் வாயைத் திறந்து, வேலை நிரந்தரம் ஆன கதையைச் சொல்லி முடித்தார். யாரும் நம்பின மாதிரி தெரியவில்லை. தோட்டத்துப் பக்கம் பெண்ணைக் கூப்பிட்டு வைத்து என்னமோ பேசினார்கள். நாங்கள் முடிவு தெரியாமலேயே வண்டி ஏறினோம்.

ராத்திரி போன் வந்தது. சம்மதமாம். அந்தத் தோட்டத்துப் பேச்சில் நித்யா என்ன சொன்னாள் என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. "வாத்தியாருன்னா வாய் ஓயாம பேசுவாங்களோன்னு பயந்துட்டிருந்தனுங் அப்புச்சி. இவரு மூச்சு மட்டுந்தான் உட்றாரு. இருந்துட்டுப் போகட்டும்" என்றாளாம்.

உண்மையான காரணத்தை அவர்களிடம் எத்தனையோ தடவை விளக்கிவிட்டேன். விளைவு, இப்போது அந்த வீட்டில் யாரும் 'ஆமாங்க' என்று சொல்வதில்லை. விசேஷ வீட்டுப் பந்தியில் மச்சான் எழுந்து, "மாமா, வேல நிரந்தரமுங்களா?" என்று கத்துவான். பந்தியே ஒன்றாக "ஹ்!" என்று மூச்சிழுக்கும். அப்புச்சிதான் எல்லாருக்கும் முன்னால் இழுப்பார். மாமியார் மட்டும் இன்னும் நம்பாமல், நான் போகும்போதெல்லாம் தூதுவளை ரசம் வைக்கிறார்.

இந்தச் சூழ்நிலையில் வளர்ந்த எங்கள் மகள் இந்த வருஷம் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். போன வாரம் அவளுடைய மிஸ் போன் செய்தார். ரொம்பத் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. பாப்பாவ எது கேட்டாலும் திடுக்குன்னு மூச்ச இழுக்கறாளுங்க சார். அட்டென்டன்ஸ் எடுத்தாக்கூட அப்படித்தான். என்னப் பாத்துப் பயப்படறாளோன்னு எனக்கு நைட்டெல்லாம் தூக்கமே வரலீங்க. நான் நிறுத்தி நிறுத்தி, சிரிச்சுச் சிரிச்சுத்தான் பேசறேன் சார்."

அந்தக் குரலில் இருந்த நடுக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம். பாவம், இந்த நேரத்துக்கு அவரும் சோப்பு மாற்றியிருப்பார். எல்லாவற்றையும் ஆதியிலிருந்து விளக்கிவிட வேண்டும் என்று நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அதற்குள் அவர், "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

"ஹ்!" என்றேன்.